பந்து அறைப் பாடம்

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். உன் ஒற்றைத் தலைவலி உன்னை விட்டு வைத்திருக்கிறதா? அத்தானின் முழங்கால் மாடிப்படி ஏற விடுகிறதா?

போனில் பேசினால் நீ "விஷயத்துக்கு வா" என்கிறாய், நான் அழுகிறேன், நீ வைத்துவிடுகிறாய். எழுதிக்கொள்வதே நல்லது என்று சொன்னவள் நீ. எழுதும்போது உன்னால் குறுக்கே பேச முடியாது. அது எனக்குச் சௌகரியம்.

விஷயத்துக்கு வருகிறேன். பட்டாணியின் டீச்சர் திடீரென்று நல்லவராகிவிட்டார்.

சிரிக்காதே. போன வருடம் முழுக்க டைரியில் சிவப்பு மையாகவே வரும். "வாசிப்பு போதாது", "வீட்டில் கவனிக்கவும்", "பெற்றோர் வந்து பார்க்கவும்". இந்த வருடமும் அதே டீச்சர்தான் மூன்றாம் வகுப்புக்கும் வந்திருக்கிறார். டைரி காலி. ஒரு வரி இல்லை. கேட்டில் பார்த்தால், "நல்லா பண்றா, நீங்க கவலைப்படாதீங்க" என்று சிரிக்கிறார்.

அவள் நல்லா பண்ணவில்லை, அக்கா. புத்தகத்தில் "மரம்" என்று இருந்தால் பக்கத்துப் படத்தைப் பார்த்து "செடி" என்கிறாள். படத்தைக் கையால் மூடினால் வாயையும் மூடிக்கொள்கிறாள். தாய்க்குத் தெரிவது டீச்சருக்குத் தெரியாதா?

பட்டாணியின் அப்பாவிடம் சொன்னேன். "டைரியில எழுதினாலும் சந்தேகம், எழுதலைன்னாலும் சந்தேகம். டீச்சரா இருந்து பார்த்தாத்தான் தெரியும் உன் தொல்லை" என்று சொல்லிவிட்டு அச்சகத்துக்கு இரவு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

பள்ளி கேட்டில் புதிதாகப் பலகை மாட்டியிருக்கிறார்கள். மஞ்சள். உங்கள் கல்வித்துறையின் புதுச் சட்டப்படி என்கிறார்கள். நீ எழுதியது எங்கள் தெரு வரைக்கும் வந்துவிட்டது. பெருமையாக இருந்தது. அந்தப் பலகைக்கும் டீச்சரின் சிரிப்புக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உடம்பைப் பார்த்துக்கொள். பட்டாணி பெரியம்மாவுக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

உன் தங்கை

ஜூன் 30

அன்புள்ள பூச்சிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம் என்றுதான் எழுத வேண்டும். தலைவலி வாரத்துக்கு ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகிறது, உறவுக்காரரைப் போல. அத்தான் முழங்காலுக்கு உறை மாட்டிக்கொண்டு கால்பந்து வீரர் மாதிரி நடக்கிறார். உன் வீட்டுக்காரருக்கு முதுகு வலி தேவலையா?

பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பாய். பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்காவிட்டால் நம்மைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்பாய். இப்போது டீச்சரா? அந்த அம்மாளுக்குப் பாவம் சம்பளம் ஏறியிருக்கும்.

பலகையைப் பற்றிக் கேட்டாயே. அதற்காகத்தான் இரண்டு வருடமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டோம். ஒவ்வொரு பள்ளியிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒரு முறை அளவீட்டுத் தேர்வு. நன்றாக வந்தால் பச்சை, சுமாராக வந்தால் மஞ்சள், மோசமானால் சிவப்பு. முதல் தேர்வு முடியும் வரைக்கும் எல்லாப் பள்ளிக்கும் மஞ்சள்தான். தொடர்ந்து இரண்டு வருடம் சிவப்பு என்றால் பள்ளியை மூடி, பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். முதல் முறையாகப் பள்ளிகள் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இதுவரைக்கும் பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்றால் பிள்ளையைத்தான் அடித்தார்கள். இனிமேல் கேள்வி பள்ளிக்கு.

அதனால் பயப்படாதே. பட்டாணியைப் படிக்கவைப்பது இப்போது அவர்கள் கவலை. நீ இரவில் உட்கார்ந்து யோசிக்காமல் தூங்கு. குழந்தைக்கு என் முத்தம்.

அக்கா

ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அத்தான் கோல் போட்டாரா என்று பட்டாணி கேட்கிறாள். எங்கள் உடம்புக்குக் குறையில்லை. மனதுதான் சரியில்லை.

தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே எனக்கு நாற்காலி போடச் சொன்னார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே நாற்காலி கிடையாது.

"உங்க பொண்ணு ரொம்ப மென்மையான குழந்தைம்மா" என்று ஆரம்பித்தார்.

"ஏதாவது தப்பு பண்ணிட்டாளா மேடம்?"

"சேச்சே. அவ மேல பாரம் ஏத்த வேண்டாம்னு பாக்குறோம். தனிக்கவனப் பிரிவுன்னு ஒண்ணு புதுசா வந்திருக்கு. தனி ரூம், சின்ன கிளாஸ். அந்தப் பெரிய தேர்வெல்லாம் எழுத வேண்டியதில்ல. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

"அப்புறம் எப்போ திரும்ப கிளாஸுக்கு வருவா?"

"அஞ்சாவது முடிக்கிற வரைக்கும் அங்கயே நிம்மதியா இருக்கலாம்."

நிம்மதியாக என்றார், அக்கா. மூன்று வருடம். நான் கைப்பையில் எதையோ தேடுவதுபோல் தேடினேன். "அவங்க அப்பாகிட்டக் கேட்டுட்டு வரேன்" என்று எழுந்துவிட்டேன். பேனாவின் மூடியைக் கழற்றியே கொடுத்தார், பார்த்துக்கொள்.

வீட்டில் பட்டாணியைக் கேட்டேன். "இன்னிக்கு கிளாஸ்ல என்ன படிச்சே?" "கிளாஸ்ல இல்லம்மா, பந்து ரூம்ல." விளையாட்டுச் சாமான் வைக்கும் அறை அது. யாருடன் என்றால், "டீச்சர்கூட. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாங்க" என்று சொல்லிவிட்டு, சொல்லிவிட்டோமே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

எட்டு வயசுப் பெண்ணைப் பந்துகளோடு அடைத்து வைத்து, வாயைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறார் அந்தச் சிரிக்கும் டீச்சர். பிரிவு என்று ஒன்று உங்கள் சட்டத்தில் உண்டா? உண்டென்றால் போன கடிதத்தில் ஏன் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை?

அத்தானை விசாரித்ததாகச் சொல். தலைவலிக்கு டாக்டரைப் பார்.

உன் தங்கை

ஜூலை 27

அன்புள்ள பூச்சிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடாதே. யார் நாற்காலி போட்டாலும் போடாதே.

பிரிவு உண்டு. கண் தெரியாத, காது கேட்காத பிள்ளைகள், நீண்ட நாள் நோயில் இருப்பவர்கள், அந்த மாதிரிக் குழந்தைகளை ஒரு தேர்வில் உட்கார வைத்து வதைக்கக்கூடாது என்று வைத்தது. குழுவில் பல பேர் சேர்ந்து எழுதியது. அதில் இருப்பவர்களின் மதிப்பெண் பள்ளிக் கணக்கில் சேராது. எல்லாவற்றையும் கடிதத்தில் எழுத முடியுமா? அதனால் எழுதவில்லை.

அந்தப் பந்து அறை விஷயத்தைக் கொஞ்சம் விவரமாக எழுது. எந்தப் பாடவேளையில், எத்தனை நாளாக, கதவு மூடியிருக்கிறதா, வேறு பிள்ளைகளும் உண்டா. முடிந்தால் நீயே பார்த்துவிட்டு எழுது. சும்மா எனக்குத் தெரிந்துகொள்ளத்தான். நீ வேறு எங்கும் புகார் எழுத வேண்டாம், பள்ளியிலும் யாரிடமும் கேட்க வேண்டாம்.

பட்டாணிக்கு முத்தம்.

அக்கா

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு மழை. பட்டாணிக்கு லேசாகச் சளி, காய்ச்சல் இல்லை. நீங்கள் எப்படி?

ஆறே நாளில் நீ பதில் எழுதியது இதுதான் முதல் தடவை. அதற்கே சந்தோஷப்பட்டேன்.

நீ சொன்னபடி பார்த்தேன். சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் சுவர் கொஞ்சம் இடிந்திருக்கிறது. குடையும் கையுமாக அங்கே நின்றேன். காவலாளி பார்த்துவிட்டு, "யாரைம்மா தேடறீங்க?" என்றார். "என் சைக்கிள் சாவியை" என்றேன். எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. அவரும் என்னோடு சேர்ந்து குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் வேளையில்தான் அது நடக்கிறது. மற்றப் பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடுகிறார்கள். டீச்சர் பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் கடைசிக்கு வந்தார். திருடிய பொருளை ஒளித்துவைக்கப் போகிறவள்போல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, என் மகளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார். மணி அடிக்கும்போதுதான் வெளியே விட்டார். வேறு பிள்ளைகள் யாரும் இல்லை. தினமும் இப்படித்தான் என்கிறாள் பட்டாணி. உள்ளே என்ன செய்வீர்கள் என்றால் "ஒண்ணுமில்ல" என்கிறாள். அவள் பொய் சொல்லிப் பழகுகிறாள், அக்கா. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேற்பார்வைக்கு யாராவது வந்தால் கண்ணில் படக்கூடாது என்று இப்போதிருந்தே மறைத்துப் பழக்குகிறார்கள் என்று நினைக்கிறேன். உனக்கு என்ன தோன்றுகிறது? சீக்கிரம் எழுது.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலம்தானே? ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து வரி இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் அத்தானையாவது இரண்டு வரி எழுதச் சொல்.

போன வாரம் பள்ளிக்கு உங்கள் துறை ஜீப் ஒன்று வந்தது. நேராகப் பந்து அறைக்குப் போனார்களாம். அறை எங்கே என்று யாரையும் கேட்கவில்லையாம். மறுநாளிலிருந்து டீச்சர் இல்லை. விசாரணை முடியும் வரை தற்காலிகப் பணிநீக்கம்.

முதலில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, மறைப்பானேன். கேட்டில் அம்மாக்கள் எல்லோரும், "யாரோ மேலிடத்துல எழுதிப் போட்டிருக்காங்க" என்றார்கள். எனக்கு வலது பக்கத்தில் நின்ற தையல்காரப் பெண், "எழுதினவங்க கை நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். அது வாழ்த்தா சாபமா என்று இன்னும் விளங்கவில்லை. நான் யாருக்கும் எழுதவில்லையே. உனக்கு மட்டும்தானே எழுதினேன்.

பட்டாணி பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள். காலையில் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள். "டீச்சர் வந்தாப் போறேன்" என்கிறாள். அடைத்து வைத்தவருக்காக ஒரு குழந்தை அழுமா?

தலைமையாசிரியை இப்போது என்னிடம் தேனாகப் பேசுகிறார். "அந்த டீச்சர் உங்க குழந்தையை எவ்வளவு பாதிச்சுட்டாங்க பாருங்க. பிரிவுல போட்டுட்டா நான் நேரடியாப் பாத்துக்குவேன்." அதே தாள், அதே பேனா. டீச்சர் போய்விட்டார், தாள் மட்டும் போகவில்லை. அப்படியென்றால் தாள் யாருடையது?

அக்கா, என் கடிதத்தை யாரிடமாவது காட்டினாயா?

பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை

அக்டோபர் 4

அன்புள்ள பூச்சிக்கு,

நாங்கள் நலம். அத்தானுக்கு முழங்கால் உறை அளவு சிறியதாகிவிட்டது, மாற்றினோம். வரவேற்பறைக்குப் புதுத் திரைச்சீலை போட்டிருக்கிறேன், வெளிர் நீலம். வெயில் வந்தால் அறையே தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருக்கிறது. அலுவலகத்தில் தணிக்கைக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள், மூச்சுவிட நேரமில்லை. அதனால்தான் எழுதவில்லை.

பட்டாணிக்கு ஒரு மிருகங்கள் புத்தகம் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒட்டகச்சிவிங்கி பக்கத்தைத் திறந்தால் கழுத்து எழுந்து நிற்கும்.

பள்ளி விஷயத்தில் நீ கவலைப்பட ஒன்றுமில்லை. துறை தன் வேலையைச் செய்கிறது. கையெழுத்து மட்டும் போடாதே.

என் கடிதங்களைச் சேர்த்து வைக்காதே. வீட்டில் இடம் குறைச்சல் என்று சொல்வாயே, பழைய பேப்பரோடு போட்டுவிடு.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

அக்டோபர் 19

அக்காவுக்கு,

நாங்கள் நலம். ஒட்டகச்சிவிங்கி வந்து சேர்ந்தது. பட்டாணி அதைத் திறக்கவில்லை.

நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். உன்னிடம் கேட்டுவிட்டுப் போகவில்லை. முகவரியைக் காவலாளி கொடுத்தார். "சைக்கிள் சாவி கிடைச்சுதாம்மா?" என்று விசாரித்தார், பாவம்.

டீச்சர் முழங்கை வரைக்கும் சுண்ணாம்போடு கதவைத் திறந்தார். சமையலறைச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்.

"ஓ, நீங்களா? சும்மா உக்கார முடியல, சுவரையாவது அடிப்போம்னு. வாங்க. என்ன, இன்னும் ஏதாவது விசாரிக்கணுமா?"

"டீச்சர், பட்டாணி உங்களைக் கேட்டு அழறா."

அவர் மட்டையைக் கீழே வைத்தார். சுண்ணாம்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். பிறகு, "எந்தப் பாடம் வரைக்கும் படிச்சோம்னு ஞாபகம் வெச்சிருக்காளா?" என்றார்.

நான் திருதிருவென்று விழித்தேன்.

"தெரியாதா உங்களுக்கு? சொல்லாதேன்னு சொன்னேன், சொல்லவே இல்ல போல. கெட்டிக்காரி" என்று சிரித்தார். சிரித்த வேகத்தில் கோபம் வந்துவிட்டது அவருக்கு. "ஹெச்.எம். ஜூன்லயே கிளாஸை மூணாப் பிரிச்சுட்டாங்கம்மா. தானாப் பாஸ் ஆவுறதுங்க ஒண்ணு. கொஞ்சம் தள்ளிவிட்டா பாஸ் ஆவுறதுங்க ஒண்ணு. அதுங்களுக்குத்தான் எக்ஸ்ட்ரா கிளாஸ், முன் பெஞ்ச் எல்லாம். மூணாவது, தள்ளினாலும் தேறாதுங்க. அதுங்க மேல நேரத்தை வீணாக்காதீங்க, பிரிவுல போட்டுடலாம், போர்டு சிவப்பாகாமப் பாத்துக்கலாம்னு ஆர்டர். டைரியில எதுவும் எழுதவும் கூடாது. எழுதினா ரெக்கார்டு ஆயிடும்."

"அப்போ பந்து ரூம்..."

"என்னோட ஃப்ரீ பீரியட். டீ குடிக்க வேண்டிய நேரம். படமே இல்லாத வெறும் எழுத்தா எழுதிக் காட்டினேன். மூணு எழுத்து வார்த்தை வந்துட்டுது. அடுத்தது நடுவுல ஒற்று வர்ற வார்த்தை. அதுக்குள்ள ஜீப் வந்துட்டுது."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"சொன்னா நீங்க சந்தோஷத்துல கேட்டுல நாலு பேர்கிட்டச் சொல்வீங்க. அஞ்சாவது ஆள் ஹெச்.எம். காதுல போடுவாங்க. சரி, நான் சொல்லல. நீங்க ஏன் கேக்கல? வந்து தட்டியிருந்தா திறந்திருப்பேனே. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாதும்மா. காத்துல திறந்துக்கும்னு ஒரு கூடைப்பந்தை முட்டுக் கொடுத்து வெச்சிருந்தேன்."

விசாரணையில் இதைச் சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"சொன்னேன். அப்படி ஒரு ஆர்டரே போடலைன்னுட்டாங்க ஹெச்.எம். எழுத்துல எங்க இருக்குன்னு விசாரிக்க வந்தவங்க கேட்டாங்க. எல்லாம் வாய்மொழி. அவங்க கையில மட்டும் எழுத்துல ஒண்ணு இருந்தது. படிச்சுக் காட்டினாங்க. 'திருடிய பொருளை ஒளித்துவைக்கப் போகிறவள்போல் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு' அப்படின்னு. யார் எழுதினாங்களோ, நல்லா எழுதியிருக்காங்க. கட்டுரை நோட்டா இருந்தா நானே முழு மார்க் போட்டிருப்பேன்."

அக்கா, அது என் வாக்கியம். எழுதியவுடன் நன்றாக அமைந்துவிட்டது என்று இரண்டு தடவை படித்துப் பார்த்துக்கொண்டேன்கூட.

நீ ஏன் விவரம் கேட்டாய், ஏன் கதவைப் பற்றிக் கேட்டாய், ஏன் கடிதங்களைப் பழைய பேப்பரோடு போடச் சொன்னாய் என்று எனக்கு இப்போது தெரியும். நம் அம்மாவுக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தவளிடம் இதைக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தப் பிரிவை "பல பேர் சேர்ந்து" எழுதியதாகச் சொன்னாயே, அதில் பேனா யார் கையில் இருந்தது?

நவம்பர் இரண்டாம் வாரத்தில் இறுதி விசாரணை. டீச்சர் போனால் பட்டாணியை அந்தத் தனி அறைக்கு அனுப்புவதைத் தவிர எனக்கு வேறு வழி விடமாட்டார்கள். இப்போதே கடைசி பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். அதனால் நான் போய்ச் சொல்லப்போகிறேன். எழுதியது நான், தவறாகப் புரிந்துகொண்டவள் நான், எழுதியது என் அக்காவுக்கு என்று.

உன் தங்கை

அக்டோபர் 31

நீ எழுதியது கிடைத்தது.

உண்மை என்று நினைத்துத்தானே எழுதினாய்? நானும் உண்மை என்று நினைத்துத்தான் எடுத்தேன். சுவருக்குப் பின்னால் நின்றவள் நீ. நாலு அடி நடந்து கதவைத் தட்டாதவளும் நீ.

பள்ளிகள் அந்தப் பிரிவை என்ன செய்கின்றன என்று கூட்டத்தில் நான் சொன்னபோது, "ஒரு உதாரணம் காட்டுங்கள்" என்றார்கள். ஒரே ஒரு பள்ளி, ஒரே ஒரு அறை, நேரில் பார்த்த ஒருவர். என்னிடம் இருந்தது. பெயர் இல்லாமல்தான் வைத்தேன். குற்றம் பிரிவின் மேல் போகும் என்று நினைத்தேன். அது கீழே இறங்கி இறங்கி, கடைசியில் யார் தலையில் விழ முடியுமோ அந்தத் தலையில் விழுந்துவிட்டது.

சொந்தத் தங்கை மகள் படிக்கும் பள்ளியின் புகாரை நானே கையாண்டேன் என்பது தெரிந்தால் என் நாற்காலி என்னவாகும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. அத்தானுக்கு இன்னும் சொல்லவில்லை.

யோசித்துச் செய்.

நவம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக் கை கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். போன கடிதத்தில் நீ எங்களில் யாரையும் விசாரிக்கவில்லை. பட்டாணிக்கு முத்தம்கூட இல்லை.

விசாரணைக்குப் போனேன். வழியெல்லாம் உன்னைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டு போனேன். என்னை உள்ளேயே விடாதபடி நீ ஏற்பாடு செய்திருப்பாய் என்று நினைத்தேன். "இந்த அம்மாளுக்கு மனநிலை சரியில்லை" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பாய் என்றுகூட நினைத்தேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, அவர்கள் கேட்கப்போகும் ஒவ்வொரு கேள்விக்கும் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாப் பதிலிலும் நீ கெட்டவளாக வந்தாய்.

உள்ளே கூப்பிட்டார்கள். கண்ணாடி போட்ட வயதான அதிகாரி. "நீங்கதான் தங்கச்சியா?" என்றார்.

"ஆமா சார். அந்த லெட்டரை எழுதினது..."

"தெரியும்மா. உங்க அக்கா போன வாரமே எழுதிக் கொடுத்துட்டாங்க. உறவு என்ன, லெட்டர் எப்படி வந்தது, எல்லாம். உங்க முழு லெட்டரையும் சேர்த்தே வெச்சிருக்காங்க. சைக்கிள் சாவி உட்பட." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுல நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

கையெழுத்து என்றதும் எனக்குப் பழக்கதோஷம், நான் அதை மூன்று முறை படித்தேன். அவர் பொறுமையாக இருந்தார். நான் நேரில் பார்த்தது ஒரு கதவு சாத்தப்பட்டதை மட்டுமே, உள்ளே நடந்ததை நான் பார்க்கவில்லை என்று இருந்தது. உண்மைதானே. போட்டேன். நான் கோத்து வைத்திருந்த பேச்செல்லாம் அப்படியே நெஞ்சோடு வீடு வந்து சேர்ந்தது.

டீச்சர் திங்கட்கிழமை வந்துவிட்டார். வகுப்பை மூன்றாகப் பிரித்ததைக் கேட்டுத் தலைமையாசிரியைக்கும் ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறதாம். பிரிவுக்குக் கையெழுத்துப் போட்ட மற்றப் பெற்றோரும் ஒவ்வொருவராகப் போய்த் தாளைத் திரும்பக் கேட்கிறார்கள். தையல்காரப் பெண்தான் முதல் ஆள்.

உனக்கு என்ன ஆயிற்று? எழுது அக்கா. அத்தானிடம் சொல்லிவிட்டாயா?

உன் தங்கை

ஜனவரி 26

அன்புள்ள பூச்சிக்கு,

இரண்டு மாதமாயிற்று, தெரியும். உங்கள் எல்லோர் உடம்பும் எப்படி? அத்தானுக்கு இப்போது உறை இல்லாமலேயே நடக்க வருகிறது. சொன்னேன் அவரிடம். அன்று சாப்பிடவில்லை, மறுநாள் சாப்பிட்டார்.

என்னைப் பாடப்புத்தகக் கிடங்குக்கு மாற்றியிருக்கிறார்கள். சட்டம், குழு, கூட்டம் எதுவும் இல்லை. கட்டுக் கட்டாகப் புத்தகம் வரும், லாரியில் போகும். தலைவலி இந்த மாதம் வரவே இல்லை. புழுதிக்குப் பயந்துவிட்டது போல.

நீ கேட்ட கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. பேனா என் கையில்தான் இருந்தது. "பெற்றோர் கையெழுத்துடன் மட்டும்" என்று சேர்த்ததும் நான்தான். எந்தத் தாயும் யோசிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள், அதுவே காவல் என்று நினைத்தேன். உன்னை மாதிரி எல்லோரும் சந்தேகப்பிராணியாக இருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டுவிட்டேன். மின்விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டால் எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியவில்லை.

பிரிவை இன்னும் எடுக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

தேர்வு அடுத்த மாதம்தானே? பட்டாணி உட்காருகிறாளா? ஒட்டகச்சிவிங்கி திறந்ததா? எல்லோருக்கும் என் அன்பு. குழந்தைக்கு இரண்டு முத்தம், விட்டுப்போனதையும் சேர்த்து.

அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் தலைவலி திரும்பி வராமல் இருக்கட்டும். அத்தான் மாடிப்படியை இரண்டு இரண்டாக ஏறுகிறாரா என்று பட்டாணி கேட்கச் சொன்னாள்.

அவள் தேர்வு எழுதினாள். பாதித் தாள்தான் முடித்தாளாம். டீச்சர் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. "வணக்கம்", "வரேன்", அவ்வளவுதான். ஆனால் அறைக் கதவு இப்போது திறந்தே இருக்கிறது, உள்ளே அவளோடு இன்னும் சில பிள்ளைகளும் இருக்கிறார்கள். டைரியில் சிவப்பு மை திரும்ப வந்துவிட்டது. "ஒற்றெழுத்தில் கவனம் தேவை." அதைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்ல? அவள் அப்பாவிடம் காட்டினேன். "திட்டு வாங்கினதுக்குச் சிரிக்கிற ஒரே ஆள் நீதான்" என்றார்.

நேற்று பலகையை மாற்றினார்கள். எல்லாப் பிள்ளைகளும் எழுதினார்கள் அல்லவா, சிவப்பு. அதற்குக் கீழே ஒரு அறிவிப்பும் ஒட்டியிருந்தார்கள். காலையில் கேட்டில் கூட்டம். அம்மாக்கள் யாரும் சத்தமாகப் பேசவில்லை. "நல்லாத்தானே இருந்தது மஞ்சளா" என்று யாரோ சொன்னார்கள். யார் பெயரும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் எல்லோரும் எனக்கு வழிவிட்டார்கள். அந்த மாதிரி வழி எனக்கு வேண்டாம் என்று பட்டாணியை இழுத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தேன்.

அவள் நகரவில்லை. அறிவிப்புக்கு முன்னால் போய் நின்று விரலை வைத்தாள்.

"இப்... பள்ளி..."

"வா, நேரமாச்சு" என்றேன்.

"இரும்மா. அடுத்த... ஆண்டும்... சிவப்பு..."

அவள் குரல் அந்த அமைதியில் தெரு முழுக்கக் கேட்டது. எனக்கு முதுகெல்லாம் கண்கள். பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள். தையல்காரப் பெண் மட்டும், "படிக்கட்டும் விடுங்க" என்றாள். நானும் விட்டுவிட்டேன். சொல்லிக்கொடுக்கவும் இல்லை, விரலைப் பிடித்து நகர்த்தவும் இல்லை.

"பெற்றால்..." அதற்கு ரொம்ப நேரம் பிடித்தது. கடைசி வார்த்தையில் நின்றாள். உதடு அசைந்தது. மறுபடி முதலிலிருந்து வந்தாள். மறுபடி நின்றாள். பிறகு ஒரே மூச்சில், "மூடப்படும்!" என்று கத்திவிட்டு, ஜெயித்துவிட்ட முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானே படிச்சேன்மா. யாரும் சொல்லித் தரல."

நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். இந்த வயதில் அவளைத் தூக்குவது லேசில்லை.

அடுத்த வருடம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. தூக்கம் வரவில்லை, அதனால்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த அறிவிப்பின் வாசகத்தை யார் எழுதியது என்று உன்னிடம் கேட்கப்போவதில்லை, அக்கா. எழுத்து பெரிதாக இருந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டிருந்தார்கள்.

கிடங்கில் புழுதியில் முகத்தை மூடிக்கொண்டு வேலை செய். அத்தானுக்கு எங்கள் அன்பு.

உன் பூச்சி